மாவு மில் மாடியில் தீ

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாம சோலார் பேனல் விக்கிறவங்க இல்ல. அதப் பத்திப் பேசுறவங்க. ஊர்ல யாரும் இத நம்ப மாட்டாங்க. ரிட்டயர் ஆகிற வரைக்கும் என்னை "பேனல் கம்பெனி அம்மா"ன்னுதான் கூப்பிட்டாங்க. திருத்தித் திருத்தி வாய் வலிச்சு விட்டுட்டேன். ஆனா நீங்க மறக்காதீங்க. விக்கிறவர் சரக்குல கோளாறுன்னா வேற சரக்கு மாத்திக் குடுத்துடலாம். பேசுறவங்க பேச்சுல கோளாறுன்னா எத எடுத்து மாத்திக் குடுக்கிறது?

நம்ம ஆபீஸ் அப்ப திண்டிவனத்துல ஒரு உரக்கடைக்கு மேல மாடியில இருந்துச்சு. இப்ப நீங்க ஏசி போட்டுக்கினு உக்காந்திருக்கீங்க, நல்லா இருங்க. நாங்க பூச்சிமருந்து நாத்தத்துலதான் செய்திக்குறிப்பு எழுதுவோம். எழுதினதும் அனுப்பிட மாட்டேன். எனக்கு ஒரு பழக்கம். அந்தச் செய்தியை ஊர்ல யாரு சொல்லிக்கினு நிக்கப் போறாங்களோ, அவங்களுக்கு வாய் விட்டுப் படிச்சுக் காட்டுவேன். அவங்க சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும்.

இது நான் கண்டுபிடிச்சது இல்ல. இந்த வேலைக்கு முன்னாடி விழுப்புரத்துல ஒரு பத்திரிகையில நிருபரா இருந்தேன். அங்க எனக்கு மேல இருந்த செய்தி ஆசிரியர் வெச்சிருந்த பழக்கம். மகா கோவக்காரர். எழுதினதக் கிழிச்சுப் போட்டுட்டு, "போய் அந்தாளுக்குப் படிச்சுக் காட்டு, அவன் மூஞ்சியப் பாத்துட்டு வா"ன்னு துரத்துவாரு. போனா பாதி நேரம் நாம எழுதினது தப்புன்னு அந்த மூஞ்சியே சொல்லிடும். இந்தப் பழக்கத்துக்காக நம்ம ஆபீஸ்ல என்னைக் கிண்டல் பண்ணாத ஆளு கிடையாது. "அக்கா, நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த எலெக்ஷன் வந்துடும்"னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். விக்கிரவாண்டியில டோல்கேட்டத் தாண்டி உள்ள திரும்புற ரோட்டுல ஒரு ஊர். அந்த ஊர்க் காலனிக்குத் தனியா ஒரு தண்ணி டேங்க், தனியா ஒரு மோட்டார். லைன்ல வோல்டேஜ் பத்தாது, அதனால மோட்டார் காயில் எரிஞ்சி போகும். கட்டிக் கொண்டாந்து மாட்டுவாங்க, மறுபடி எரியும். எரிஞ்ச நாளெல்லாம் காலனிப் பொம்பளைங்க குடத்தத் தூக்கிக்கினு ஊர்த்தெரு குழாய்க்குப் போய் நிக்கணும். நின்னா சும்மா விடுவாங்களா? "எங்களுக்கே பத்தல." "ஓரமா நில்லு." "அந்தக் குடத்த இதுமேல இடிக்காத." அடி கிடையாது, உதை கிடையாது, போலீசுக்குப் போற மாதிரி ஒண்ணும் கிடையாது. பேச்சுதான். அந்தப் பேச்சக் கேட்டுக் கேட்டே வளந்தவ அஞ்சலை.

அஞ்சலை அந்தக் காலனி வார்டு மெம்பர். நடவுக்கும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஆயறதுக்கும் போய்க்கினு இருந்தவ, எலெக்ஷன்ல நின்னா. பெரிசா ஒண்ணும் வாக்குறுதி குடுக்கல. "நம்ம பொம்பளைங்க இனிமே ஊர்க்குழாயில போய்ப் பேச்சு வாங்க வேணாம். அதுக்கு நான் பொறுப்பு"ன்னா. ஜெயிச்சிட்டா. குடிதண்ணி மோட்டார சோலார்ல ஓட்டுறதுக்கு ஒரு திட்டம் இருக்குன்னு அவளுக்குச் சொன்னது நாங்க. அதுக்கு கிராம சபையில தீர்மானம் போடணும். சுதந்திர தினத்துச் சபையில போட்டாத்தான் உண்டு, இல்லாட்டி அந்த வாய்ப்பு வேற பஞ்சாயத்துக்குப் போயிடும். பஞ்சாயத்துத் தலைவர் கெட்டவர் இல்ல. "ஊரு ஒத்துக்கினா எனக்கு இன்னா"ங்கிற ரகம். ஊர ஒத்துக்க வைக்க அஞ்சலை ஊர்த்தெருவுல வீடு வீடா ஏறி இறங்கினா. எந்தத் தெருவுல பேச்சு வாங்கினாளோ, அதே தெருவுல.

அவளுக்கு அங்க பெரிய பலம் மாவு மில் முருகேசன். அவர் ஏற்கெனவே மில் மாடியில சோலார் போட்டிருந்தாரு. மாவு அரைக்க வர்றவங்ககிட்ட எல்லாம் அதோட பெருமையத்தான் பேசுவாரு. நாங்க அவர் போட்டோவ எடுத்து போஸ்டரே அடிச்சிருந்தோம். பேனலுக்குப் பக்கத்துல கைகட்டி நின்னுக்கினு சிரிப்பாரு. "முருகேசனே நல்லாருக்குதுன்னு சொல்றாரு, காலனிக்குப் போட்டா போடட்டுமே"ன்னு ஊர்த்தெருவுல பாதிப் பேர் இறங்கி வந்துட்டாங்க.

சபைக்கு ரெண்டு நாள் இருக்கு. அன்னிக்கு அமாவாசை. முருகேசன் குடும்பத்தோட மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தாரு. உச்சி வெயில்ல மில் மாடியில தீப்பிடிச்சிக்கிச்சு. காலிச் சாக்கும் மல்லாட்டைத் தொலியும் குவிச்சு வெச்சிருந்த மூலையில, பேனலுக்கு ஒட்டினாப்புல நெருப்பு. அக்கம்பக்கத்துக்காரங்க மணலப் போட்டு அணைச்சிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எவரோ ஒருத்தர் வீடியோ எடுத்து, "பாருங்கய்யா, சோலார் வெடிச்சிச்சு"ன்னு கத்தி, குரூப்ல போட்டுட்டாரு.

அந்த வீடியோ திண்டிவனம் வந்து சேர்றதுக்குள்ள முருகேசன் பேத்தி கருகிப் போச்சுன்னு ஆயிடுச்சு. கொஞ்ச நேரத்துல எங்க போஸ்டரையும் எரியிற மாடியையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி இன்னொண்ணு வந்துச்சு. சிரிக்கிற முருகேசன், எரியிற மில்லு. தெரிஞ்ச நிருபருங்க வரிசையா போன் பண்றாங்க. "அக்கா, ஜல்தி ஒரு ஸ்டேட்மென்ட் குடுங்க, சாயந்திரத்துக்குள்ள போட்டுடறோம்."

சென்னையில இருந்து எங்க இயக்குநர் ஒரு மறுப்பு எழுதி அனுப்பிட்டாரு. ‘தீ விபத்துக்குக் காரணம் கட்டடத்தின் பழைய மின்கம்பிகளே. சூரிய மின்தகடுகளுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’ அழகான தமிழ். நல்ல மனுஷன் அவர், குத்தம் சொல்லல. ஆனா அவர் அந்த மாடியப் பாக்கல. நானும் பாக்கல.

நான் போன் பண்ணினேன். "சார், பழைய ஒயர்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"வேற என்னம்மா இருக்கும்? பேனல் தானா எரியுமா? சீக்கிரம் அனுப்புங்க, கை மீறிப் போய்க்கிட்டிருக்கு."

"பாத்துட்டு அனுப்பறேன் சார்."

"பாத்துட்டா? விக்கிரவாண்டி போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள ஜில்லா பூரா பரவிடும்!"

அதுவும் நெசந்தான். அதனால ரெண்டாப் பிரிச்சேன். இத நல்லா கவனிங்க. தெரிஞ்சத உடனே சொல்லணும். தெரியாதது தெரியலன்னு சொல்லணும். எப்பத் தெரியும்னும் சொல்லணும். முதல்ல மேல்மலையனூர்ல இருந்த முருகேசன்கிட்டயே பேசி, கோயில் கூட்டத்துச் சத்தத்தோட அவர் குரலப் பதிவு பண்ணி அனுப்பச் சொன்னேன். "நான் முருகேசன் பேசறேன். நான் நல்லா கீறேன். எம் பேத்தி எம் மடியில கீது, பொரி தின்னுக்கினு. யாரும் பேஜாரு பண்ணாதீங்க." அதோட கீழ நாங்க எழுதினது இவ்வளவுதான்: யாருக்கும் காயம் இல்லை. காரணம் எங்களுக்கு இன்னும் தெரியாது. நேரில் பார்த்து, கிராம சபை அன்று ஊர் முன்னாலேயே சொல்கிறோம். குழந்தை செத்த கதை அந்தக் குரலோட நின்னுது. பேத்தி பொரி தின்னுக்கினு இருக்குறப்ப எவன் நம்புவான்?

அப்புறம் எங்க இன்ஜினியர் பிரகாஷை வண்டியில ஏத்திக்கினு ஊருக்குப் போனேன். மாடியில கரி, மணல், எரிஞ்ச சாக்கு நாத்தம். பிரகாஷ் லைன ஆஃப் பண்ணிட்டு, ஒயர் ஒயரா தடவிக்கினே போனாரு. ஒரு இடத்துல உக்காந்துட்டாரு. எழுந்திருக்கவே இல்ல.

"என்ன பிரகாஷ்?"

"மேடம், இங்க வாங்க."

பேனல்ல இருந்து வர்ற ஒயரையும் கீழ போற ஒயரையும் சேக்கிற பிளக். ஆண் பாதி ஒரு கம்பெனி, பெண் பாதி வேற கம்பெனி. சொருகினா 'டிக்'குனு விழும். மாட்டினவங்களுக்கு சரியாத்தான் தெரியும். ஆனா உள்ள இறுக்கம் இருக்காது. வெயில் ஏற ஏற கரண்டு ஏறும், அந்த இடம் சூடாகும், உருகும், பொறி பறக்கும். அது உருகின இடத்துக்கு நேர்கீழ சாக்கு. பழைய ஒயரும் இல்ல, மண்ணும் இல்ல. சோலார் வேலையில நடந்த தப்பு.

இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. அந்த வேலையச் செஞ்ச விழுப்புரம் காண்ட்ராக்டர, நாங்க நடத்தின சோலார் மேளாவுல மேடை ஏத்தி "நம்பகமான ஆளு"ன்னு ஊருக்குக் காட்டினது நாங்கதான்.

இயக்குநருக்குச் சொன்னேன். "சரி, விசாரணை நடக்குதுன்னு மட்டும் போடுங்க. தீர்மானம் முடியட்டும், பாத்துக்கலாம்"னாரு.

"விசாரணை முடிஞ்சிடுச்சே சார். பிளக் என் கைப்பையில கீது."

"ஜில்லா முழுக்க நம்ம பிரச்சாரமே படுத்துடும்மா. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது சார். ஆனா என் நம்பர்லருந்து பொய் போகாது. நாளைக்கு இதனால கெட்டுதுன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன்." வீட்டுக்குப் போனா என்ன பண்ணப் போறேன்னு ஒரு யோசனையும் இல்ல. அவர் பெருமூச்சு விட்டு, "உங்க இஷ்டம்"னு வெச்சிட்டாரு.

அடுத்தது காண்ட்ராக்டர். "எங்க வேலையில கோளாறே வராது மேடம்"னு ஆரம்பிச்சாரு. போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. "ஜோடி தீந்து போச்சு மேடம். கையில இருந்தத மாட்டிட்டோம். சொருகுச்சு, சரின்னு விட்டுட்டோம்."

"சபைக்கு வந்து இதையே சொல்லுங்க."

"அடிச்சிடுவாங்க மேடம்!"

"அடிக்க வந்தா முன்னாடி நான் நிக்கிறேன். நீங்க வரலைன்னா உங்க பேர நான் சொல்லுவேன். வந்தீங்கன்னா நீங்களே சொல்லிக்கலாம். எது உங்களுக்கு நல்லது, யோசிங்க."

இயக்குநர், நிருபருங்க, காண்ட்ராக்டர் இவங்ககிட்ட எல்லாம் வீராப்பா பேசிட்டேன். என்னை ஆட்டிப் பாத்தது அஞ்சலைதான். மறுநாள் மத்தியானம் அவ வீட்டு வாசல்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு முடிச்சிட்டு என் கையப் பிடிச்சிக்கினா.

"அக்கா, ஒரே ஒரு நாளு. வாய மூடிக்கினு இருங்க. தீர்மானம் போட்டுட்டா அப்புறம் ஆட்டோவுல மைக்கு கட்டிக்கினு கூட சொல்லுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். இப்ப சொன்னீங்கன்னா எங்க பொழப்புல மண்ணுதான். ஊர்த்தெருவுல ஒரு கை தூக்க மாட்டாங்க. எங்க பொம்பளைங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

இயக்குநர் சொன்னா முறைக்கலாம். இவகிட்ட முறைக்க முடியுமா? இழக்கப் போறது இவதானே. அந்த நேரம் நானும் ஆடித்தான் போனேன். ஒரு நாள்தானே, என்ன ஆயிடும்னு தோணுச்சு. கடைசியில எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், அதையே செஞ்சேன். ரெண்டு விதமா எழுதி வெச்சிருந்தத அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். முதல்ல, ‘சம்பவம் குறித்து உரிய விசாரணை நடைபெற்று வருகிறது.’

அஞ்சலை முகத்தச் சுளிச்சா. "இது இன்னாக்கா, தாலுக்கா ஆபீஸ்ல சொல்றா மாதிரி கீது? போயிட்டு அடுத்த வாரம் வாம்பாங்களே, அது."

ரெண்டாவதப் படிச்சேன். ‘முருகேசன் மில்லில் தீப்பிடித்தது சோலார் வேலையில் நடந்த தப்பால். அந்த வேலையைச் செய்தவரை உங்களுக்குக் காட்டியது நாங்கள். தப்பு எது என்று தெரிந்துவிட்டது. அது நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.’

படிச்சு முடிச்சிட்டு நானே சொன்னேன். "அஞ்சல, சபை முடிஞ்சி இது வெளிய வந்தா என்னை யாரும் கேக்க மாட்டாங்க. நான் பஸ் ஏறிடுவேன். உன் வாசல்லதான் வந்து நிப்பாங்க. அப்புறம் காலனிக்கு நீ எது கேட்டாலும், ‘போன தடவ ஏமாத்தின மாதிரியா’ன்னுதான் கேப்பாங்க. ஆனா உனக்கு வேணாம்னா சொல்லு. உன் பேர இழுக்காம, நானே எழுந்து சொல்லிடறேன்."

அவ எழுந்து உள்ள போனா, வந்தா, மறுபடி போனா. கோவம் தீர்ற வரைக்கும் ஏனம் பாத்திரத்த எல்லாம் டமார் டமார்னு வெச்சா. அப்புறம் வெளிய வந்து கைய நீட்டினா.

"அந்த எரிஞ்ச சாமானக் குடுங்க."

கைப்பையிலருந்து எடுத்துக் குடுத்தேன். கூட வந்திருந்த பிரகாஷ் நல்ல ஜோடி ஒண்ணும் குடுத்தாரு. அவ சொருகிப் பாத்தா, இழுத்துப் பாத்தா, எரிஞ்சதப் பாத்தா. முந்தானையில முடிஞ்சிக்கினா. "நீங்க பேச வேணாங்க்கா. நீங்க பேசினா கம்பெனி பேசுதும்பாங்க. நான் பேசறேன்."

நான் ராத்திரியெல்லாம் மனசுல பேசிப் பாத்து வெச்சிருந்த பேச்சு அங்கயே போச்சு. போகட்டும். அத விட நல்ல பேச்சு மறுநாள் நடந்துச்சு.

பள்ளிக்கூட வளாகத்துல பந்தல். கொடியேத்தி மிட்டாய் குடுத்து முடிச்சதும் சபை. சோலார்னு தலைவர் வாயெடுத்ததுமே பின்னாடி இருந்து ஒரு குரல், "எரியறதுக்கா தீர்மானம் போடறீங்க?" எல்லாரும் சிரிக்கிறாங்க. முருகேசன் முன் வரிசையில உர்ருனு உக்காந்திருக்காரு. காண்ட்ராக்டர் வந்திருந்தாரு, பந்தல் காலப் பிடிச்சிக்கினு.

தனியா பேசும்போதுதான் எனக்கு அவ அஞ்சல. நாலு பேர் எதிர்ல மெம்பர். "மெம்பர் பேசணும்கிறாங்க"ன்னு நான் தலைவருக்குச் சொன்னேன். அவ எழுந்தா.

"மில்லு எரிஞ்சது சோலாராலதான்" அப்படின்னா. சிரிப்பு சட்டுனு நின்னுடுச்சு. "பொய் சொல்லி நான் ஓட்டு வாங்கல. பொய் சொல்லி தண்ணியும் வாங்க மாட்டேன். இத பாருங்க, இதான் எரிஞ்சிச்சு. இதான் நல்லது. கையில வாங்கிப் பாத்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுங்க."

கை மாறி கை மாறி போச்சு. சொருகிப் பாக்கிறாங்க, இழுத்துப் பாக்கிறாங்க. காண்ட்ராக்டர் முன்னாடி வந்து, "தப்பு எங்க பேர்லதான்"னாரு. அவ்வளவுதான் வாய்ல வந்துச்சு. முருகேசன் எகிறினாரு. "அப்ப எம் பேத்தி மேல இருந்திருந்தா?" நான் தலையக் குனிஞ்சிக்கினேன். அவர் கத்தித் தீத்துட்டு, "எல்லாத்தையும் மாத்து. எங் கண்ணு முன்னாடி மாத்து. அப்புறம் பேசு"ன்னு உக்காந்தாரு.

ஊர்த்தெரு அம்மா ஒருத்தங்க கேட்டாங்க. "அது சரி, அவங்க டேங்குல இன்னா சாமான் மாட்டுவானுங்க, யாருக்குத் தெரியும்?"

"நான் ஒவ்வொண்ணா இழுத்துப் பாக்காம சுவிட்ச் போட உட மாட்டேன் ஆத்தா"ன்னா அஞ்சலை. "வேணும்னா நீயும் வந்து இழுத்துப் பாரு."

பந்தல் பூரா சிரிப்பு. இந்தத் தடவ வேற சிரிப்பு. ஊர்க்காரங்க பாத்து ஒத்துக்கினாத்தான் மோட்டார் ஓடணும்ங்கிறதையும் சேத்து தீர்மானம் எழுதினாங்க. எல்லாரும் கை தூக்கினாங்கன்னு கதை விட மாட்டேன். பின் வரிசையில பல பேர் தூக்கல. ஆனா முருகேசன் தூக்கினாரு. அவரப் பாத்து அவர் வரிசை தூக்குச்சு. அது போதுமா இருந்துச்சு. அந்த நேரம் பந்தலுக்குள்ள என்னை விட கர்வமான ஆள் எவரும் இல்ல. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இத்தன வருஷ வேலையில எனக்குப் பிடிச்ச நாள் அதுதான்.

ஜில்லா முழுக்க பிரச்சாரம் படுக்கல. "அவங்க தப்பையே அவங்க சொல்றாங்கப்பா"ன்னு வேற ஊர்ல இருந்து கூப்பிட ஆரம்பிச்சாங்க. சோலார் மாட்ட ஆள் வெக்கும்போது பிளக்க இழுத்துப் பாக்கிறது அந்தப் பக்கமெல்லாம் வழக்கமாவே ஆயிடுச்சு. இயக்குநர் போன் பண்ணி, "நீங்க சொன்னதுதான் சரி"ன்னாரு. மேலதிகாரி வாயால இது எத்தன பேருக்குக் கிடைக்கும்? வாங்கி பத்திரமா வெச்சிக்கினேன்.

இனிமே சொல்லப் போறத அஞ்சலைகிட்ட கேட்டுக்கினுதான் உங்களுக்குச் சொல்றேன். "இத்தன வருசம் ஆச்சு, ஊர் பேரு மட்டும் வேணாம்"னா.

காலனி மோட்டார் சோலார்ல ஓட ஆரம்பிச்சு சில மாசம் இருக்கும். ஒரு நாள் காலையில அஞ்சலை போன். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் பயந்துட்டேன், மறுபடி தீயான்னு.

"இல்லக்கா. ஊர்த்தெரு மோட்டார் காயில் எரிஞ்சிட்ச்சு. ஊர்ப்பக்கம் மூணு தெருவுக்கும் தண்ணி இல்ல. காலையிலருந்து அவங்க பொம்பளைங்க எல்லாம் நம்ம காலனிக் குழாயில வந்து நின்னுக்கினு கீறாங்க. குடத்தோட."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பிடிங்கன்னோம். எங்க சனம் ஒண்ணு ரெண்டு வாயத் தெறக்கப் பாத்துச்சு. நான் ஒரு மொறை மொறைச்சேன். யாரும் ஒரு வார்த்த பேசல. அன்னிக்கு சபையில கேள்வி கேட்டுச்சே, அந்த ஆத்தாவுக்கு நான்தான் குடத்தத் தூக்கி இடுப்புல வெச்சேன்."

அவ அழுதுக்கினு இருந்தா. நானும்தான். ஆனா என் புத்தி எங்க போகும்? உடனே பேனாவத் தேடுது. என் வாழ்க்கையில கையில விழுந்த செய்தியிலயே பெரிய செய்தி அதுதான். எந்தப் பத்திரிகையா இருந்தாலும் முதல் பக்கத்துல போடும். கட கடன்னு எழுதிட்டு அவளுக்கே போன் போட்டு வாய் விட்டுப் படிச்சேன். நல்லா வந்திருந்துச்சு, எனக்கே தெரியும்.

முழுசாக் கேட்டா. "சூப்பரா எழுதிகீறீங்கக்கா. ஆனா போடாதீங்க."

"ஏன்டீ?"

"போட்டா அவங்களுக்குக் கூச்சமா பூடும். நாளைக்கு வர மாட்டாங்க. தண்ணிக்கு எங்க போவாங்க, சொல்லுங்க?"